பத்தொன்பது நாள் பி.டி. சார்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிச் சேர்வதில் ஒரு வசதி இருக்கிறது. மாட்டிக்கொள்ளும் நிமிஷம் வரைக்கும் அந்த வேலை நமக்கே தெரிந்த மாதிரிதான் இருக்கும். நான் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது நாள் பி.டி. வாத்தியாராக இருந்திருக்கிறேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. (பாஸா, ஃபெயிலா என்று நோண்டாதீர்கள். ஐந்தாம் வகுப்பு, அவ்வளவுதான்.)

அப்போது இண்டூர் பக்கம் நாற்பத்திரண்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஸ்டெல்லாவின் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர்கள் பென்னாகரத்துக்காரர்கள். பெண் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்து, சாப்பாடெல்லாம் முடிந்து, கை துடைத்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்ள என்னா பண்றாருன்னு கேட்டா, ஆடு மேய்க்கறாருன்னு நான் எப்பிடிங்க சொல்றது? நாலு பேரு சாருன்னு கூப்புடற மாதிரி ஒரு வேல தேடிக்கச் சொல்லுங்க. அப்பறம் கோயில்ல சாமியார்கிட்ட போயி கல்யாண ஓலை எழுதிக்கலாம்."

மறுநாளே என் சித்தப்பா ராயப்பன் ஓடி வந்தார். தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் பஸ் ஓட்டுகிறவர். அங்கே பி.டி. வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாராம். விளையாட்டு விழாவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறதாம்.

"எனக்கு என்னா சித்தப்பா தெரியும்?"

"என்னா தெரியணும்? விசில் ஊதணும். வாயி இருக்குது இல்ல? கெளம்பு."

கரஸ்பாண்டன்ட் என்னைப் பார்த்து, "எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "பெங்களூருங்க" என்றார். (முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பெங்களூரில் எட்டு மாதம் செங்கல் சுமந்திருக்கிறேன்.)

"முன்ன பின்ன அனுபவம் இருக்கா?"

"தெனமும் நாப்பது பேர மேய்ச்... பாத்துக்கிட்டு இருந்தானுங்க. ஒண்ணுகூட தவறுனது கெடையாது."

கரஸ்பாண்டன்ட் மகிழ்ந்துபோய், பழைய வாத்தியார் விட்டுவிட்டுப் போன டிராக் சூட்டை என்னிடம் கொடுத்தார். அந்த மனுஷன் என்னைப்போல் இரண்டு ஆள் இருப்பார் போல. பேண்டை இடுப்பில் நிறுத்த நான்கு ஊக்கு தேவைப்பட்டது.

என் பொறுப்பு மார்ச் பாஸ்ட். அறுபது பிள்ளைகள் வரிசையாக நடந்து, மேடை முன்னால் சல்யூட் அடிக்க வேண்டும். இங்கிலீஷில் என்னவோ கட்டளை எல்லாம் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான். மந்தையில் நாற்பத்திரண்டு ஆட்டையும் யாரும் பழக்க மாட்டார்கள். முன்னால் போகிற ஒன்றைப் பழக்கினால் போதும், மிச்சமெல்லாம் அதன் வாலைப் பார்த்து வந்துவிடும். அதனால் மூன்றாம் வகுப்பு ரித்திகாவை முன்னால் நிறுத்தினேன். நெட்டையான பெண், சிரிக்கவே மாட்டாள். மற்றவர்களிடம், "யாரையும் பாக்கக் கூடாது. சாரையும் பாக்கக் கூடாது. முன்னாடி இருக்கற முதுக மட்டும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் கொடுத்திருந்தது கடைசி பீரியட். மணி அடித்ததும் எல்லோரும் பஸ் ஏறியாக வேண்டும். பிறகு எதற்குத் தனித்தனியாக? மைதானத்தை ஒரு சுற்று, கொடிக்கம்பத்துக்கு ஒரு சல்யூட், அப்படியே பின்பக்க கேட் வழியாக வெளியே போய் பஸ் ஏறு. மேய்ச்சல் முடிந்தால் பட்டிக்குப் போவதில்லையா, அந்த மாதிரி. தினமும் இதேதான். ரித்திகா ஒரு நாளும் பிசகவில்லை. கரஸ்பாண்டன்ட் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மிலிட்டரி மாதிரி இருக்கு சார்" என்றார். சார்! அன்று வீட்டுக்குப் போய் ஆடுகளிடம்கூட மரியாதையை எதிர்பார்த்தேன்.

விழா அன்று காலை பத்து மணி. பெற்றோர் எல்லாரும் பந்தலில். இரண்டாவது வரிசையில் ஸ்டெல்லா, அவள் அம்மா, அப்பா. அவர் பக்கத்துச் சேர்க்காரரிடம் என்னைக் காட்டி, "அந்த விசில் வெச்சிருக்காரே, நம்ம மாப்ளைங்க" என்று சொன்னது எனக்கே கேட்டது. சிறப்பு விருந்தினர் ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர். மேடையில் விறைப்பாக நின்றார்.

விசில் ஊதினேன். அறுபதும் ஒரே ஆளாக நடந்தது. ஒரு சுற்று வந்தது. சல்யூட் அடித்தது. இன்ஸ்பெக்டரும் பதிலுக்குக் கையைத் தூக்கினார். கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. மேடை முன்னால் திரும்பி வந்து உட்கார வேண்டும் என்பதை ரித்திகாவுக்கு நான் சொல்லித்தரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் பின்பக்க கேட்டைப் பார்த்துத் திரும்பினாள். மிச்சம் ஐம்பத்தொன்பதும் முதுகைப் பார்த்துத் திரும்பின.

நான் விசிலை ஊது ஊது என்று ஊதினேன். ஊதினால் நடக்க வேண்டும் என்றுதான் பழக்கியிருந்தேன். இன்னும் வேகமாக நடந்தார்கள்.

இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து பெற்றோர் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டபோதுதான் கைதட்டல் நின்றது. சித்தப்பா ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறார். முழித்துப் பார்த்தால் பஸ் நிறைய பிள்ளைகள். எடுத்துவிட்டார்.

மைதானத்தில் ஒரு பிள்ளை இல்லை. மேடையில் இன்ஸ்பெக்டர் இன்னும் கையை இறக்கவில்லை.

"எங்கடா என் பொண்ணு?" என்று ஒரு அம்மா கத்த, நான் ஓடினேன். ஓடிய ஓட்டத்தில் இரண்டு ஊக்கு போய்விட்டது. ஒரு கையில் பேண்டைப் பிடித்துக்கொண்டு, வாயில் விசிலோடு ரோட்டில் ஓடுகிறேன். மூச்சு விட்டால் விசில் அடிக்கிறது. பின்னால் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஸ்டெல்லா.

"ஏறுங்க."

ஏறினேன்.

"உண்மையச் சொல்லுங்க. என்னா படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

"பெங்களூர்லயா?"

"இண்டூர்லதாங்க. பெங்களூர்ல செங்கல்லு."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள், கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வண்டி ஓட்ட முடியாத அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஸ்டாப்பிங்கிலேயே நான்கு பிள்ளைகள் இறக்கப்பட்டிருந்தார்கள். பூட்டிய வீட்டு வாசலில் ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். அவர்களையும் வண்டியில் திணித்துக்கொண்டு அடுத்த திருப்பத்தில் பஸ்ஸை மறித்தோம்.

"புள்ளைங்க ஏறுனா வண்டி எடுக்கறதுதானடா என் வேல? மணி என்னான்னு பாக்கறதா என் வேல?" என்றார் சித்தப்பா.

அறுபதையும் எண்ணிப் பெற்றோரிடம் ஒப்படைத்தோம். கரஸ்பாண்டன்ட் டிராக் சூட்டைத் திரும்பக் கேட்டார். (கைலி கொண்டுவந்து கொடுத்தது சித்தப்பாதான். அந்த நன்றி மறக்கவில்லை.)

ஐந்தாவதுதான் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டு கைலியோடு நான் நிற்க, ஸ்டெல்லாவின் அப்பா கத்தினார். "அஞ்சாவது படிச்சவனக் கொண்டாந்து வாத்தியாருன்னு காட்டறீங்களா? புள்ளைங்கள தொலைக்கறவனுக்குப் பொண்ணக் குடுக்கறதா? எந்திரி ஸ்டெல்லா, போலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, நம்ம வூட்டுல ஆறு பேரு. ஞாயித்துக்கெழம பூசைக்கு கெளம்ப ரெண்டு மணி நேரம் ஆவுது. ஒரு வாட்டியாவது பிரசங்கத்துக்கு முன்னாடி போயிருக்கமா? இவரு அறுபது புள்ளைங்கள ஒரே நிமிசத்துல வண்டி ஏத்தியிருக்காரு. இந்த மாதிரி ஒருத்தர எங்க போயி தேடுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கைலியைப் பார்த்தார். அவர் மனைவி மெல்ல, "அதுவும் வாஸ்தவந்தான" என்றார். அந்த மாதமே ஓலை எழுதினார்கள்.

போன தை மாதம் அதியமான்கோட்டையில் மச்சினன் மகளுக்குக் கல்யாணம். திரும்புவதற்கு வேன். பதினெட்டு பேரையும் வழக்கம்போல நான்தான் வரிசையாக ஏற்றினேன். மீந்த வாழை இலைக்கட்டு ஒன்றை மறந்துவிட்டார்களே என்று மண்டபத்துக்குள் போய் எடுத்துக்கொண்டு வந்தால் வேன் இல்லை. போன் அடித்தேன். மாமனார் எடுத்தார்.

"மாமா, நான் ஏறவே இல்லைங்க!"

"தெரியுங்க மாப்ள. நீங்க ஏத்தி வுட்டா நாங்க நிக்கறதில்லைங்க" என்றார். பின்னால் பதினேழு பேர் விசில் அடிக்கிற சத்தம் கேட்டது.