தவக்காலப் பாயசமும் பயற்றந்தோலும்

சான் ஹுவான்,
புனித புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் அப்போலினார் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் மில்சியாதெஸ் பணிவுடன் எழுதுவது. அல்தாகிராசியா மாதா அருளால் அசுவாவில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். என் சுகம் குடலில் சிக்கிக் கிடந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். சாப்பாட்டு நேரமென்றால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படியுங்கள்.

உங்கள் தங்கை செகுந்தினா பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள். பேருந்து ஓட்டுவதை விட்டபின் எனக்கு வயிறு சரியாகப் போகவில்லை. நார்ச்சத்துதான் மருந்து என்று வானொலியில் ஒரு டாக்டர் சொன்னார். கொஞ்சம் நல்லதென்றால் அது மட்டுமே இன்னும் நல்லதுதானே என்று சோறு, எண்ணெய், தயிர், தண்ணீர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கோதுமைத் தவிட்டை வெறும் வாயில் மென்றேன். அதற்குள் தவக்காலம் வந்தது, தெருவெல்லாம் பயற்றுப் பாயசம் கொதித்தது. சிவப்புப் பயற்றை அரைத்து வடிகட்டி, பாலும் சர்க்கரையும் சேர்த்து நாம் குடித்துவிட்டுத் தோலைக் கோழிக்குப் போடுகிறோமே, சத்து கோழிக்கா என்று என் வயிறு எரிந்தது. எங்கள் கோழிகளின் பங்கைத் தின்றேன். போதாமல் வாளியோடு பக்கத்து வீட்டு நின்ஃபாவிடம் போனேன்.

"என்னண்ணே, புதுசா கோழி வாங்கிருக்கீங்களா?"

"இல்லம்மா, எனக்குத்தான்" என்று உள்ளதைச் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் விஷயம் தெருக்கோடி வரை போய்விட்டது. அக்கம்பக்கம் பாயசக் கிண்ணம் மாற்றிக்கொள்ளும் நாளில் வீடு வீடாகச் சோறும் வாழைக்காயும் கோழிக்குழம்பும் வந்தன. தெருவிலேயே நல்ல பாயசம் வைக்கும் செகுந்தினா, பட்டினி கிடக்கும் வீட்டுக்காரி போல வாசலில் நின்று வாங்கிக்கொண்டாள். எனக்கோ வயிறு மத்தளமாகி, நின்ஃபாவின் புருஷன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"தவிட்டையும் தோலையும் மட்டும் தின்னா அது உள்ள போயி செங்கல்லாத்தான் நிக்கும் ஐயா," என்றாள் டாக்டரம்மா. "குடல்ல நல்ல கிருமிங்க குடியிருக்கு. நாரு அதுக்குச் சோறு. வெறுஞ்சோத்த யாரு திம்பா? தண்ணி வேணும், தயிரு வேணும், துளி எண்ணெய் வேணும். எல்லாம் சேந்தாத்தான் வயித்துக்கு நல்லது."

திரும்பி வந்தால் வீடு காலியாக இருந்தது. மச்சான், அவள் இல்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. டாக்டரம்மா சொன்னபடியே தண்ணீரும் தயிருமாகச் சாப்பிட்டதில் வயிறு இன்று வழிக்கு வந்துவிட்டது. பால், தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளி எல்லாம் போட்டு, தோலை வடிகட்டாமல் நானே ஒரு பானை பாயசமும் வைத்திருக்கிறேன். எனக்குப் புத்தி வந்துவிட்டது, இனிமேல் எதையும் தனியாகப் பிரித்துத் தின்னமாட்டேன் என்று சொல்லி, பெரிய வெள்ளிக்குள் அவளை அனுப்பிவையுங்கள். உங்கள் வீட்டில் பாலும் மாவும் குறையாதிருக்கட்டும், எல்லோர் வயிறும் ஒழுங்காக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மில்சியாதெஸ்

பி.கு.: உறை தேடிக்கொண்டிருந்தபோது அவளே வந்து இறங்கினாள். தவிடு, தயிர், கிருமி எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"தோலத் தின்னதுக்கா நான் போனேன்? வானொலியில எவனோ சொன்னத வாய் ஓயாம சொல்றீங்க. இத்தன வருசம் எங்கையால தின்னுட்டு ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொன்னீங்களா?"

இப்போது என் பாயசத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் கிண்ணம். எப்படி இருக்கிறதென்று கேட்க எனக்கு வாய் வராமல் பக்கத்திலேயே நிற்கிறேன்.