கெம்பியின் மேல் நான் வைத்த இரக்கம்

இரக்கம் நல்ல குணம்தான். அதை மாட்டுத் தொழுவத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்ட விதம்தான் கொஞ்சம் கேவலமானது.

மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையைத் தாண்டி எங்கள் வீடு. கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை, எனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மாமியாருக்கு ஒரே ஒரு செம்மாடு, பெயர் கெம்பி. (நகரத்தில் வளர்ந்த எனக்கு அதுவரை பால் என்றால் பாக்கெட்.) அத்தையிடம் பால் கறக்கக் கற்றுக்கொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கெம்பிக்கு ஏழு மாதச் சினை. எனக்கும் ஏழாவது மாதம். தன் தம்பி மகள் கல்யாணத்துக்காகப் பிறந்த ஊரான மார்டள்ளிக்குக் கிளம்பிய அத்தை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"பால் வத்தவுட்டிருக்கறேன் கண்ணு. மடி சுருங்கற வரைக்கும் வெறும் வைக்கோலும் தண்ணியும்தான். தவுடு, புண்ணாக்கு வேண்டாம். மடி வீங்கும், கை வெச்சுப்போடாதே. ரெண்டு மாசம் ஓய்வு கெடைச்சாத்தான் கன்னு தெம்பா வரும்."

"சரிங்க அத்தை" என்றேன். வாயும் வயிறுமாக இருக்கிற ஜீவனுக்கு வெறும் வைக்கோலா என்று உள்ளே கொதித்தேன். எனக்கு மட்டும் பேரீச்சம்பழம் ஊட்டுகிற மாமியார்!

அன்றைக்கே தவிடும் புண்ணாக்கும் போட்டேன். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மடி கனத்துக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல் அரை லிட்டர் கறந்தேன். மறுநாள் ஒரு லிட்டர். கறக்கக் கறக்கச் சுரக்கும் என்பது எனக்குத் தெரியாது. (தினமும் பாயசம் வைத்தேன். கணவர் காரணம் கேட்காமல் சாப்பிட்டார்.)

அத்தை தினமும் போனில் கேட்டார். "மடி சுருங்கிச்சா?"

"இல்லீங்க அத்தை, வீங்கித்தான் இருக்குது."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒரு வாரத்தில், மடிநோய்தான் என்று பயந்த அத்தை முகூர்த்தத்துக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறி, கால்நடை மருத்துவரோடு வந்து இறங்கினார். மடியைத் தடவிப் பார்த்த மருத்துவர் நோய் எதுவும் இல்லையே என்று குழம்பினார். அந்த நேரம் பார்த்து நான் காபியோடு வந்தேன். என்னைக் கண்டதும் கெம்பி ஆசையாகக் குரல் கொடுத்தது. நான்கு காம்பிலிருந்தும் பால் சொட்டத் தொடங்கியது.

மருத்துவர் மாட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எத்தனை நாளா கறக்கறீங்கம்மா?"

அத்தை திட்டவில்லை. "தம்பி மக கழுத்துல தாலி ஏர்றதைக்கூடப் பாக்காம ஓடியாந்தேன்" என்று மட்டும் சொன்னார். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வற்றவிடும் வேலையை அவர் முதலிலிருந்து தொடங்கினார். தொழுவப் பக்கம் வர எனக்குத் தடை. நல்ல வேளையாகக் கெம்பி தெம்பான கன்றையே போட்டது.

என் மகனுக்கு இரண்டு வயதானபோது தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருந்தது. அத்தை பையோடு வந்து பேரனைத் தூக்கிக்கொண்டார். ஒரு வாரம் மார்டள்ளியில் வைத்திருக்கப் போகிறாராம்.

"நானே நிறுத்திக்கிறேனுங்க அத்தை" என்றேன்.

"மாட்டுக்கு ரெண்டு நாள் தாங்கினே. இவனுக்கு ரெண்டு நிமிசம் தாங்கமாட்டே கண்ணு."

கோபமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ் கிளம்பும் முன்பே நான் போன் செய்து, அவன் அழுகிறானா என்று கேட்டுவிட்டேன். எந்த விசேஷத்திலும் அத்தை இந்தக் கதையைச் சொல்லும்போது, சொந்தக்காரர்கள் சிரிக்கத் தொடங்கும் இடம் அதுதான்.