ரகசியத்துக்கு ஒரு மைக்

குழந்தைகளின் மனதைக் காப்பதில் உலகத்துக்கே வழிகாட்டத் தகுந்த பள்ளி ஒன்று உண்டு. அங்கே ஒரு குழந்தையின் முகம் வாடினால் போதும், அடுத்த மணி அடிப்பதற்குள் பள்ளி முழுவதற்கும் தெரிந்துவிடும். அவ்வளவு அக்கறை.

ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் சேர்த்து ஓர் ஆலோசகரை அங்கே நியமித்தார்கள். கணக்கு மிஸ், அறிவியல் மிஸ் வரிசையில் பிள்ளைகள் அவருக்கு ‘மனசு மிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் அவருக்கு ஒதுக்கிய அறை விளையாட்டு மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி.

“திரைச்சீலை ஒண்ணு போட்டுக்கலாமா சார்? பிள்ளைங்க கூச்சப்படுவாங்க.”

“எதுக்கு மிஸ்? நாம எவ்வளவு ரகசியமா பேசறோம்னு நாலு பேர் பாக்க வேண்டாமா?”

மனசு மிஸ் திரைச்சீலைப் பேச்சை அதோடு விட்டார். தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான், சொன்னால் புரிந்துகொள்வார் என்று நம்பினார். அந்த நம்பிக்கை அவரைப் பாடாய்ப் படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஒருநாள் மதியம் கை கழுவப் போனபோது, மாணவியர் கழிப்பறையின் கடைசிக் கதவுக்குப் பின்னாலிருந்து சாப்பாட்டு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. விசாரித்ததில், உள்ளே இருந்தவள் ஆறாம் வகுப்புச் சிறுமி என்று தெரிந்தது. பல் வரிசைக்குக் கம்பி போட்டிருப்பவள். வகுப்பில் அவள் பெயரே ‘கம்பி’தான். மனசு மிஸ் சத்தமில்லாமல் அவளைத் தன்னிடம் அனுப்பிவைக்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டார்.

தலைமையாசிரியர் உடனே மைக்கை எடுத்தார்.

“ஆறாம் வகுப்பு மாணவி, தமது மிகவும் ரகசியமான பிரச்சினை தொடர்பாக உடனடியாக ஆலோசகர் அறைக்கு வரவும். மற்ற மாணவர்கள் இதைக் காதில் வாங்க வேண்டாம்.”

வேறு யாரும் தவறிப் போய் வந்துவிடக் கூடாதல்லவா, பெயரையும் இனிஷியலையும் இரண்டு முறை தெளிவாகச் சொன்னார். சிறுமி வந்தாள். கண்ணாடிக்கு வெளியே மூக்குகள் வரிசையாக ஒட்டிக்கொண்டன. “ஒண்ணுமில்ல மிஸ்” என்று உதடு பிரியாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாசலில் அவள் சட்டையில் ‘நான் மனம் திறந்தேன்’ என்ற மஞ்சள் பேட்ஜைக் குத்தி அனுப்பினார்கள். அது பள்ளியின் விதி.

மறுநாள் மதியம் மனசு மிஸ் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கழிப்பறைக்கே போனார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கடைசிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தார்.

“யாரு?”

“நான்தான். சேந்து சாப்பிடலாமேன்னு வந்தேன்.”

“மிஸ், இது பாத்ரூம்.”

“தெரியும்மா. வேற எங்க போனாலும் மைக் சத்தம் கேக்குது.”

உள்ளே லேசாகச் சிரிப்புச் சத்தம். பிறகு அவளே பேசினாள்.

“சாப்பிட்டா கம்பில மாட்டிக்குது மிஸ். நான் வாயைத் திறந்தாலே, ‘வாங்கடா, கம்பி எண்ணலாம்’னு சுத்தி நின்னுக்கறாங்க.”

மனசு மிஸ் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. தினமும் போய் உட்கார்ந்தார். முதலில் தாழ்ப்பாள் விலகியது. பிறகு கதவு பாதி திறந்தது. பிறகு இரண்டு பேரும் குழாயடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சிறுமி டப்பாவைக் கழுவிக்கொண்டே, “திங்கக்கிழமை வேணா வெளில மரத்தடில உக்காந்து பாக்கலாமா மிஸ்?” என்றாள். மனசு மிஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் காரியம் கெட்டது. மதிய வேளையில் கண்ணாடி அறை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று தலைமையாசிரியர் கேட்டார். மிஸ் உள்ளதை உள்ளபடி சொன்னார். தலைமையாசிரியரின் கண் கலங்கிவிட்டது.

“இத்தனை நாளா எங்கிட்ட சொல்லலையே மிஸ். சும்மா விடக் கூடாது இதை.”

விடவில்லை. திங்கட்கிழமை மதியம் கழிப்பறை வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. மேலே ‘மனம் திறக்கும் மையம்’ என்று பலகை. உள்ளே, கடைசிக் கதவுக்கு நேர் மேலே, புத்தம் புது ஒலிபெருக்கி. தாளாளர் கத்திரிக்கோலுடன் வந்திருந்தார். ‘முதல் பயனாளி’யைப் பெயர் சொல்லி மைக்கில் அழைத்தார்கள். முழுப் பள்ளியும் கூடி நின்றது.

“வாயை நல்லாத் திறந்து சிரிம்மா” என்றார் போட்டோக்காரர்.

மனசு மிஸ்ஸுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “சார், நிம்மதியா ஒளிஞ்சு சாப்பிட அவளுக்கு இருந்த ஒரே இடம் சார் இது.”

“இனிமே எதுக்கு மிஸ் ஒளியணும்? அதான் போர்டு வச்சாச்சே.”

அந்த வருட ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் தழுதழுத்த குரலில் அறிவித்தார்: “நம் பள்ளியில் இன்று தனியாக உட்கார்ந்து சாப்பிடும் குழந்தை ஒன்றுகூட இல்லை.” கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. மனசு மிஸ் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைமையாசிரியர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தச் சிறுமி இப்போதெல்லாம் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போகிறாள்.