சீப்புக்குத் தீ வைத்த மாப்பிள்ளை

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைத்தான் மனுஷன் முழுத் தொண்டையில் பேசுவான். நான் பேசினேன், அதுவும் பெண் பார்க்கப் போன இடத்தில்.

பழனி அடிவாரத்தில் எங்களுக்குக் கற்பூரம், பூஜை சாமான் கடை. பெண் வீடு கொடைக்கானல் மலையில் செண்பகனூர். பெண்ணின் அப்பா எலக்ட்ரீசியன். பழைய பங்களாக்களில் கழற்றிய கறுப்பு சுவிட்சு, டெலிபோன், ரேடியோப் பெட்டி எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். மலைப்பாதையில் வாந்தியை அடக்கிக்கொண்டு, அந்தச் சாமான்களைச் செய்த பேக்லைட்டைப் பற்றிப் போனில் படித்துக்கொண்டே போனேன்.

"இது என்னன்னு தெரியுமா தம்பி?" என்று பெண்ணின் அப்பா ஒரு கறுப்பு சுவிட்சைக் காட்டினார்.

"பேக்லைட்டுங்க. ஆதிகாலத்துப் பிளாஸ்டிக். சூடு தாங்கும், கரண்டு பாயாது. குக்கர் கைப்பிடிகூட இதுலதாங்க செய்வாங்க."

அவர் முகம் மலர்ந்தது. கதவோரம் காபித் தட்டோடு நின்ற வாசுகி என்னைப் பார்த்துச் சிரித்தாள். (போதாதா? தலைகால் புரியவில்லை.) கட்டினால் இவளைத்தான் என்று அந்த நிமிஷமே முடிவுசெய்து, அலமாரியிலிருந்த தந்த நிறச் சீப்பையும் எடுத்தேன்.

"இதுவும் பேக்லைட்தாங்க."

"அது வேற தம்பி. கீழ வைங்க."

விடுவேனா? கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்தேன். கற்பூர வாசனை. காலையில் கடையில் பொட்டலம் போட்ட என் கை வாசனை என்று நினைத்துக்கொண்டேன்.

"தீயில காட்டினாலும் எரியாது, பாருங்க" என்று பக்கத்தில் எரிந்த குத்துவிளக்கில் நீட்டினேன்.

குப்பென்று பிடித்தது. பதறி உதறினேன். சீப்பு என் வேட்டியிலேயே விழுந்தது. வாசுகி ஓடிவந்து தட்டிலிருந்த ஆறு டம்ளர் காபியையும் என் மேல் கவிழ்த்தாள்.

"இது செல்லுலாய்டு தம்பி" என்றார் அவள் அப்பா, வெகு நிதானமாக. "பேக்லைட்டுக்கும் மூத்தது. பஞ்சும் கற்பூரமும் சேத்துச் செஞ்சது. அப்பல்லாம் சீப்பு, பொம்மை, சினிமா பிலிமு எல்லாமே இதுதான்."

இந்தச் சம்பந்தம் போச்சு என்று கூட வந்த என் அம்மா பழனி வந்து சேரும்வரை புலம்பினாள். மூன்றாம் நாள் வாசுகியே போன் செய்தாள்.

"சீப்பு கெடக்குது விடுங்க. இனிமே தெரியாததத் தெரியலன்னு சொல்லுவீங்களா?"

"தெரியலைங்க" என்றேன் பதற்றத்தில். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஹோமம் வளர்த்த படங்கள் எல்லாவற்றிலும், பட்டு வேட்டி கட்டிய என் மாமனார் எனக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரோடு நிற்கிறார். தாத்தா ஏன் அப்படி நிற்கிறார் என்று என் மகள் கேட்டால், வீட்டில் எல்லோரும் ஒன்றாக என்னைக் கை காட்டுகிறார்கள்.