காட்டைப் பார்த்த ஜன்னல்

முனியோட்டம் பார்க்கும் மாணிக்கவேலர் வருகிறார் என்றால் அப்புத்தளையில் திருவிழாக் கூட்டம்தான். முனி எந்த வீட்டைக் கடந்து போகிறார், எந்த வழியாக நுழைகிறார் என்பதை நூலில் கட்டிய பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டே சொல்லிவிடுவார். குண்டு சுழன்றால் முனி வருகிறார். சுழலாவிட்டால் தட்சணை போதவில்லை.

1979இல் அவர் கால் வைத்தது, ஓய்வு பெற்ற தேயிலைத் தோட்டக் கங்காணி இராமையா யூக்கலிப்டஸ் காட்டோரமாகக் கட்டிய புது வீட்டில். பதுளையிலிருந்து வந்த வரைபடக்காரர் ஸரூக் கீறிக் கொடுத்த பிளான். கார் நிறுத்த போர்ட்டிக்கோ, காட்டைப் பார்த்தபடி எட்டடி அகலக் கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னல் கங்காணியின் மனைவி இராக்கம்மா ஆசையாகக் கேட்டு வாங்கியது. தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் ஜன்னல் ஏது? முப்பது வருஷம் புகைக்குள் சமைத்தவர் அவர்.

ஜன்னலருகே குண்டு பம்பரமாய்ச் சுழன்றது.

“காட்டுல இருந்து முனி நேரா இதுக்குள்ளதான் வர்றாரு. செங்கல் வச்சு அடைச்சிருங்க. கண்ணாடிய நானே கொண்டுபோய் ஆத்துல விட்டுர்றேன்” என்றார் மாணிக்கவேலர். என்ன பெரிய மனசு! அவரும் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இராமையா நடுங்கிப்போய் மேசனைக் கூப்பிட்டார்.

இராக்கம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “சாமி, குண்டுக்குத் தெரிஞ்சா போதும்ல? உங்க கண்ணு எதுக்குங்க? கண்ணக் கட்டிக்கிட்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. அப்பறம் நானே செங்கல் எடுத்துத் தாறேன்.”

“ஆமா சாமி, காட்டுங்க!” என்றது கூட்டம், இன்னோர் அற்புதம் இலவசமாகக் கிடைக்கிற ஆசையில். சாமியால் மறுக்க முடியவில்லை.

கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றும் தடித்த படங்குத் துணியால் இராக்கம்மா அவர் கண்ணைக் கட்டினார். மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, அதே ஜன்னல் முன்னால் நிறுத்தினார்.

“இங்க எப்படிங்க?”

குண்டு அசையவில்லை. “சுத்தமான இடம். ஒண்ணுமில்ல.”

கையைப் பிடித்துப் போர்ட்டிக்கோவுக்கு நடத்தினார். “இங்கங்க?”

சுழன்றது பாருங்கள்! “ஐயோ, இங்கதான்! முனி உள்ள உக்காந்திருக்காரு! உடனே அடைங்க!”

இராக்கம்மா கட்டை அவிழ்த்தார். எதிரே நின்றது மாணிக்கவேலரின் சொந்த மொரிஸ் மைனர்.

“மேசன், செங்கலக் கொண்டாங்க. சாமியோட கார அடைக்கணுமாம்.”

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. நல்ல நேரம் பார்க்காமலே சாமி கிளம்பிவிட்டார். அழகர் என்ற பக்தர் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று காருக்கு ஒரு கும்பிடு போட்டார். இராமையா தலை குனிந்தபடி மேசனை வீட்டுக்கு அனுப்பினார்.

சாமி இன்னும் ஓயவில்லை; அடுத்த வாரம் ஹல்துமுல்லையில் இருப்பாராம். போகிறவர்கள் தேங்காய், கற்பூரத்தோடு அவர் கண்ணைக் கட்ட ஒரு துணியும் எடுத்துப் போங்கள். கூடவே உங்கள் மூளையையும் கொண்டுபோங்கள், அது ஒன்றும் பெரிய சுமையில்லை.