காரில் வந்த வெள்ளைப் புகை

ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார் என்று ஆரம்பிக்க ஆசைதான். ஆனால் இந்த ஊரில் இருந்தவர் ஒரு சாவிக்காரர். எந்தப் பூட்டுக்கும் சாவி வெட்டித் தருவார். சொந்தக் காரின் சாவி மட்டும் ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் தங்காது. மனைவியின் தம்பி வந்து, "அரைமணி நேரம் அத்தான்" என்று வாங்கிப் போவான். பொழுது சாய்ந்துதான் திரும்புவான். அதனாலேயே வீட்டில் அவன் பேர் அரைமணி.

சாவிக்காரர் கேட்டது பெரிய வரமில்லை. ஒரே ஒரு ஞாயிறு, தன் காரில் தானே போய், ஏரிக்கரை நிழலில் சீட்டைச் சாய்த்துத் தூங்கவேண்டும். போன வாரம் வண்டி திரும்பியபோது பின்சீட்டெல்லாம் நாய் முடி. அரைமணிக்கு நாயே கிடையாது! சாவிக்காரருக்கு வந்த கோபத்தில், மறுநாள் வெட்டிய பதினோரு சாவியில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை மழை ஓய்ந்த நேரம், ஏசியைப் போட்டதும் துவாரங்களிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை. அலறியடித்து மெக்கானிக்கிடம் ஓட்டினார்.

மெக்கானிக் சிரித்தார். "புகை இல்ல சார், பனி. மழை நாள்ல காத்துல ஈரம் ஜாஸ்தி. ஏசி சில்லுனு ஆக்கினதும் அந்த ஈரம் பொடிப்பொடித் துளியா வெளியே வருது. கண்ணு எரியுதா? வாடை வருதா? இல்லல்ல? உள்ளே ஈரம் குறைஞ்சா தானா நின்னுடும்."

சாவிக்காரரின் மூளையில் ஒரு பூட்டு திறந்தது.

ஞாயிறு காலை, மறுபடி மழை பெய்து ஓய்ந்திருந்தது. கார்க் கண்ணாடியெல்லாம் இறக்கி, ஈரக்காற்றை வயிறு முட்ட ஊட்டினார். பிறகு ஏற்றிவிட்டு, ஏசியை முழுசாகத் திருகினார். வந்தது வெள்ளை!

"ஏய், ஓடி வா! வண்டி எரியப் போகுது!"

மனைவி வந்தாள். மீன் குளிர்கிடங்கில் கணக்கெடுக்கிற வேலை அவளுக்கு. தினம் நாற்பது தடவை கதவைத் திறந்து, இதே வெள்ளையில் முழங்கால் வரை நிற்கிறவள். சாவிக்காரர் அதை யோசிக்கவில்லை. கோபம் முன்னே போனால் யோசனை பின்னேதானே வரும்!

"பாத்தியா? இதை எப்படி உன் தம்பிகிட்டக் கொடுக்கிறது? எனக்கு இருக்கிறது ஒரே மச்சான்!"

"அந்த ஒண்ணே ஏன் இருக்கான்னு நேத்துதானே பல்லைக் கடிச்சீங்க?"

"அது வெளியே. உள்ளே பாசம்!"

அவள் துவாரத்துக்கு முன்னே கையை நீட்டினாள். முகர்ந்தாள். விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயையோ! இந்த எமன் மேலயா தினம் கடைக்குப் போறீங்க?"

"நான் மெதுவாத்தானே..."

"மெதுவா எரிஞ்சா பரவாயில்லையா?"

அந்த நேரம் பார்த்து அரைமணி வாசலில் வந்து நின்றான். "அரைமணி நேரம் அத்தா..."

"டேய், அத்தான் வண்டி புகையுதாம். உனக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட விடு. ஒரு வாரம் ஆனாலும் சரி, நீயே ஓட்டி ஓட்டிப் பாத்துக் கொண்டா."

ஒரு வாரம்! சாவிக்காரருக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது.

"ஒரு வாரமா? அது புகையே இல்ல! வெறும் தண்ணி! ஈரம்! மெக்கானிக் செவ்வாக்கிழமையே சொல்லிட்டான்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ வண்டி நல்லா இருக்கு?"

"குதிரை மாதிரி இருக்கு!"

"சரி, அப்போ தம்பி வழக்கம்போல எடுத்துட்டுப் போகட்டும்."

சாவிக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். புகை என்றால் ஒரு வாரம் போச்சு. தண்ணி என்றால் ஒரு நாள் போச்சு.

"எதுங்க? புகையா, தண்ணியா? உங்க வண்டி, நீங்களே சொல்லுங்க."

"தண்ணி," என்றார் பல்லிடுக்கில்.

சாவி கைமாறியது. அரைமணி சீட்டைக் கடைசி வரை பின்னே தள்ளிக்கொண்டு புறப்பட்டான்.

"எனக்கு எவ்வளவு கோபம் வருது தெரியுமா?" என்று கத்தினார் சாவிக்காரர்.

"தெரியுதுங்க. உங்க காதுலேருந்து வர்றது மட்டும் நிஜப் புகைதான்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாவிக்காரர் ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏரிக்கரைக்கு நடந்தார்.