நான்கு மணி வரை ஓர் ஆரஞ்சு

மூன்று மணி நேரத் தண்டனையில் நான்கு நிமிடம் கழிவதற்குள் எல்வுட் கிரான்டல் பேனாவைப் பறிகொடுத்தான்.

"ஓவியக்கூடத்துல பேனா கூடாது தம்பி. பென்சில்தான்," என்றார் காவலாளி அம்மா. ஆரஞ்சு வாசனையடிக்கும் கை ஒன்று நீண்டது. எல்வுட் தலைநிமிராமல் பேனாவைக் கொடுத்தான்.

எல்வுட் டாக்டராகப் போகிறவன். அதற்குமுன் அவனை முழு மனிதனாக்கிவிடுவதென்று, ஓஹையோவின் சோள வயல்களுக்கு நடுவிலிருந்த அந்தச் சின்னக் கல்லூரி உறுதி பூண்டிருந்தது. போன பருவம் நடனம். இந்தப் பருவம் கலை வரலாறு. மருத்துவக் கல்லூரிக்கு, அறிவியல் நடத்தாத ஒரு பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். கலை வரலாறு நடத்தும் பேராசிரியை ஹோல்ம்பெர்க், ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அதற்குக் காவலாளியின் கையெழுத்தும் வாங்கி வருபவர்களுக்குத்தான் கடிதம் தருவார். ஓவியக்கூடம் ஒன்றிலிருந்து நான்கு வரை. நாலே காலுக்குக் கரிம வேதியியல் தேர்வு. அதில் கோட்டைவிட்டால் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

ஆகவே படம் வரையும் நோட்டுக்குள் நாற்பது வேதியியல் அட்டைகள்.

"என்ன தம்பி அது?"

"படத்தைப் பத்திக் குறிப்பு, மேடம்."

"அந்தப் படத்துல அறுகோணமே இல்லையே!"

அட்டைகள் காவலாளி அம்மாவின் கம்பளி ஸ்வெட்டர்ப் பைக்குள் போயின.

எல்வுட் சட்டைக் கையை மெல்ல ஏற்றினான். முழங்கை வரை மூலக்கூறுகள்.

"போய்க் கழுவிட்டு வா."

கழுவியதில் மை போகவில்லை; மூலக்கூறுகள்தான் ஒன்றோடொன்று வினைபுரிந்து, உலகில் இல்லாத பொருளொன்று உருவானது.

கடைசியாகக் காதில் இயர்ஃபோனைச் செருகி, ஃபோனில் வேதியியல் பாடத்தை ஓடவிட்டான். இயர்ஃபோன் இணையவில்லை. "எலக்ட்ரான்கள் எப்போதும் பின்னாலிருந்துதான் தாக்கும்!" என்று ஃபோன் கூடம் அதிர அறிவித்தது. இரண்டு முதியவர்கள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவை பிடிச்சேன், கையெழுத்து கிடையாது," என்று ஃபோனும் பறிபோனது.

மிச்சமிருந்தது ஓவியம் மட்டும். 'மதிய இடைவேளை.' போன வருடம் கல்லூரியின் ஓவிய ஆசிரியர் வரைந்தது. மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட பெண்மணி ஆரஞ்சு உரிக்கிறார். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தான்.

அரை மணியில், தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வருவதைப் பார்த்தான். ஒரு மணியில், ஜன்னல் வெளிச்சம் பழத்தில் பட்டு அவர் முகவாய்க்கு ஏறியிருப்பதைப் பார்த்தான். எல்வுட்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கேயோ வாழும் ஒரு மனுஷியின் களைப்பு, இவ்வளவு கிட்டத்தில்!

ஜன்னலுக்கு வெளியே கோடை. பிறகு எதற்கு ஸ்வெட்டர்? புருவங்களின் வெளிமுனை தேய்ந்திருந்தது. இமைகள் உப்பியிருந்தன. கழுத்தடியில் மெல்லிய புடைப்பு. நிழலென்று நினைத்து ஓவியர் அதை அழகாகத் தீட்டியிருந்தார்.

"மணி நாலு பத்து. கூடம் மூடியாச்சு. அந்த அட்டையெல்லாம் பரீட்சைக்குத்தானே, போகலையா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

எல்வுட் படத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. "பரீட்சை கிடக்கட்டும் மேடம். இந்தம்மாவுக்குத் தைராய்டு கோளாறு இருக்கும்போல. யாரு இவங்க? உடனே டாக்டரைப் பாக்கச் சொல்லணும்!"

பின்னாலிருந்து ஆரஞ்சு வாசனை நெருங்கி வந்தது.

"பாக்கறேன் தம்பி," என்றது குரல். "மூணு மணி நேரமா உன் பின்னாலதான் நிக்கறேன், ஒரு தடவை திரும்பியிருந்தா ஒரு மணிக்கே சொல்லியிருப்பே."